பூஞ்சையின் விதைப்பும் அறுவடையும்: பயிர் நோய்கள் பெருகும் விதம்

"முந்தாநாள் பார்த்தப்போ பயிர் பச்சைப்பசேல்னு நின்னுச்சு. இன்னிக்குப் போனா வயல் எரிஞ்ச மாதிரி கிடக்கு." கார்த்திகை, மார்கழி மாதங்களில் காவிரிப் படுகையின் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். அடுத்து காரணம் தேடுவார்கள். பனி இறங்கியதால் வந்தது என்பார் ஒருவர். விதையே சரியில்லை என்பார் இன்னொருவர். பக்கத்து வயல்காரர் கவனிக்காமல் விட்டதால் காற்றில் வந்தது, கடையில் கொடுத்த மருந்து போலி, மண் கெட்டுவிட்டது என்று பேச்சு நீளும்.

இதில் எதையும் முழுப் பொய் என்று தள்ள முடியாது. பனிக்கும் பங்கு உண்டு, விதைக்கும் உண்டு, காற்றுக்கும் உண்டு. ஆனால் பத்துப் புள்ளி எப்படிச் சில வாரங்களில் லட்சம் புள்ளியாகிறது என்பதை இந்தப் பேச்சு எதுவும் தொடுவதில்லை. அதற்கு ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: பூஞ்சை எப்படி இனம் பெருக்குகிறது? இதற்கு விடை தெரியாமல் தெளிக்கிற மருந்தில் பாதிக்கு மேல் வீண் என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் அடிப்படையிலிருந்து எழுதுகிறேன். உயிரியல் படிக்காதவர்களுக்கும் புரிய வேண்டும்.

பூசணம், பூஞ்சணம், பூஞ்சாளம் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் பொருள் ஒன்றுதான். இங்கே பூஞ்சை என்றே சொல்கிறேன்.

காளான் வெறும் காய்தான்

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பார்கள். நேற்று வெறும் தரையாக இருந்த இடத்தில் இன்று காலை குடை விரித்து நிற்கும். அந்தக் குடையை மெதுவாகப் பிடுங்கி அடியில் பாருங்கள். மண்ணோடும் மக்கிய இலையோடும் வெள்ளை நூல் பின்னிக் கிடக்கும். பூஞ்சையின் உடல் அந்த நூல்தான். அதற்குப் பூஞ்சை இழை என்று பெயர். மாமரத்துக்கு மாங்காய் எப்படியோ, அந்த இழைகளுக்குக் காளான் அப்படி. மரம் மாதக்கணக்கில் மண்ணுக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. மழை பெய்து காய் வெளியே வந்தபோதுதான் நமக்குத் தெரிந்தது.

பயிரைத் தாக்கும் பூஞ்சைகளில் பெரும்பாலானவை குடை விரிப்பதில்லை. ஆனால் வாழ்க்கை முறை இதேதான். இழை இலைக்குள்ளோ தண்டுக்குள்ளோ புகுந்து செடியின் உணவை உறிஞ்சி வளர்கிறது. தக்க நேரம் வந்ததும் வெளியே தலைநீட்டி, கண்ணுக்குத் தெரியாத தூளை உதிர்க்கிறது.

சமையலறையிலேயே இதைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் மறந்து வைத்த தேங்காய் மூடியில் முதலில் வெள்ளைப் பஞ்சு படரும். இரண்டு நாளில் பஞ்சின்மேல் பச்சையாகவோ கறுப்பாகவோ தூள் பூக்கும். பஞ்சு உடல். தூள் வித்து. ஊதினால் பறக்கிறதே, அந்தத் தூளில் ஆயிரக்கணக்கான வித்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனியாக ஒரு புதுப் பூஞ்சையாக வளரக்கூடியது.

வித்தும் விதையும் ஒன்றா?

பெரிய குழப்பம் இங்கேதான். வித்து என்றதும் நெல்மணியையோ வேப்பங்கொட்டையையோ நினைத்துக்கொள்கிறோம். நெல்மணிக்குத் தாய் தந்தை உண்டு. மகரந்தம் சூலோடு சேர்ந்து உருவானது அது. பயிரில் நோயைப் பரப்பும் பூஞ்சை வித்துகளில் பெரும்பங்குக்கு அப்படித் தாய் தந்தை கிடையாது.

நல்ல ருசியுள்ள மாம்பழத்தின் கொட்டையைப் புதைத்து வைத்தால் அதே பழம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கொட்டையில் இரண்டு மரங்களின் குணம் கலந்திருக்கலாம். அதே பழம் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றுதான் வாங்குவோம். ஒட்டுக்கன்று தாய்மரத்தின் நகல். வாழைப் பக்கக்கன்றும் கரும்புக் கரணையும் அப்படித்தான்.

பூஞ்சைக்கு இந்த இரண்டு வழிகளும் உண்டு. துணையில்லாமல் தன் நகலைத் தானே உண்டாக்குவது பாலிலா இனப்பெருக்கம். இரண்டு பூஞ்சைகளின் மரபுப்பொருள் சேர்ந்து, கலந்து, புது வாரிசு உண்டாவது பாலினப் பெருக்கம். ஒட்டுக்கன்று, மாங்கொட்டை என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பருவத்தின் நடுவில் வயலை அழிப்பது ஏறக்குறைய எப்போதும் ஒட்டுக்கன்று வழிதான். அந்த வழியில் இழையின் நுனியில் கிள்ளி எடுத்தாற்போல் உருவாகும் வித்துக்கு கொனிடியம் என்று பெயர்.

ஒரு வித்தின் ஓர் இரவு

நெல்லின் குலை நோயை எடுத்துக்கொள்கிறேன். நம் ஊருக்குப் பழைய பகை அது. 1919-இல் தஞ்சாவூர்ப் படுகையில் பெருஞ்சேதம் விளைவித்ததாகப் பதிவு இருக்கிறது. உலகில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட பயிர்ப் பூஞ்சைகளிலும் இது ஒன்று.

இலையில் கண் வடிவத்தில் ஒரு புள்ளி. நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. அந்தச் சாம்பல் நிற நடுப்பகுதியில்தான் கொனிடியங்கள் முளைத்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் பேரிக்காய் வடிவத்தில், மூன்று அறைகளோடு இருக்கும். ஒரு மில்லிமீட்டர் இடத்தில் ஏறக்குறைய 40 வித்துகளை வரிசையாகப் படுக்க வைக்கலாம், அவ்வளவு சிறியவை. நள்ளிரவு தாண்டி, காற்றில் ஈரம் ஏறி, இலையில் பனி கோக்கும் நேரத்தில்தான் இவை அதிகமாக உதிர்கின்றன.

உதிர்ந்த வித்து மெல்லிய காற்றில் மிதந்து பக்கத்து இலையில் விழுகிறது. நெல் இலை மெழுகு பூசியது. தண்ணீரே உருண்டு ஓடிவிடும். ஆனால் வித்தின் நுனியிலிருந்து ஒரு பசை கசிந்து அதை ஈர இலையில் இறுக்கி ஒட்டிவிடுகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் முளைக்குழாய் வருகிறது. அதன் நுனி பருத்து ஒரு குமிழாகிறது. ஒட்டுக்குமிழ் என்று வைத்துக்கொள்வோம். வித்தில் இருந்த சத்தெல்லாம் இந்தக் குமிழுக்குள் போய்ச் சேர்ந்ததும் வித்து சுருங்கிச் செத்துவிடுகிறது. கையிருப்பு முழுவதையும் ஒரே இடத்தில் போடுகிறது அது.

அடுத்து நடப்பதைப் படித்தபோது நான் அசந்துபோனேன். குமிழின் சுவரில் மெலனின் என்ற கருநிறப் பொருள் படிகிறது. நம் தலைமுடிக்கும் தோலுக்கும் நிறம் தருவதும் மெலனின்தான். இந்தப் பூச்சு தண்ணீரை உள்ளே விடும், உள்ளே இருக்கும் கரைபொருளை வெளியே விடாது. குமிழுக்குள் கிளிசரால் என்ற கரைபொருள் சேரச் சேரத் தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கிறது. உப்பில் போட்ட மாங்காய் சுருங்குவதைப் பார்த்திருப்போம். வெளியே கரைசல் கெட்டியாக இருப்பதால் தண்ணீர் வெளியேறுகிறது. இங்கே கெட்டியான கரைசல் குமிழுக்குள் இருப்பதால் தண்ணீர் உள்ளே பாய்கிறது. அழுத்தம் ஏறி, கார் டயரில் இருப்பதைப் போல் ஏறக்குறைய 40 மடங்கு ஆகிறது. அந்த விசையில் குமிழின் அடியிலிருந்து ஊசி போன்ற ஒரு இழை இலைத்தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது.

பொழுது விடிந்து இலை காய்வதற்குள் இத்தனை வேலையும் பெரும்பாலும் நடந்துவிடும். உள்ளே போன பிறகு வெயில் அடித்தாலும் அதற்குக் கவலையில்லை. நான்கைந்து நாள் சத்தமில்லாமல் மேய்கிறது. ஒரு வாரம் ஆகும்போது அந்த இடத்தில் புதிய கண் வடிவப் புள்ளி சாம்பல் பூத்து, அடுத்த தலைமுறை வித்துகளை உதிர்க்கத் தயாராக நிற்கிறது.

பனியால் வந்தது என்ற டீக்கடைப் பேச்சில் உள்ள உண்மை இதுதான். பனி நோயைக் கொண்டுவருவதில்லை. ஏற்கெனவே வந்து விழுந்த வித்துக்கு முளைக்கத் தண்ணீர் ஊற்றுகிறது.

வட்டிக்கு வட்டி

ஒரு புள்ளி ஒரே இரவில் ஆயிரக்கணக்கான வித்துகளை உதிர்க்கும், அதுவும் பல இரவுகள் தொடர்ந்து. பெரும்பாலானவை மண்ணிலும் தண்ணீரிலும் விழுந்து வீணாகும், வெயிலில் காயும். கணக்குக்காக, ஒரு புள்ளியிலிருந்து பத்தே பத்து வித்துகள் வெற்றி பெறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு தலைமுறைக்கு ஒரு வாரம்.

முதல் வாரம் வயலில் 10 புள்ளிகள். யார் கண்ணிலும் படாது. இரண்டாம் வாரம் 100. வரப்பில் நடப்பவருக்கு இன்னும் தெரியாது. மூன்றாம் வாரம் 1,000. உள்ளே இறங்கி உற்றுப் பார்த்தால் தெரியும். நான்காம் வாரம் 10,000, ஐந்தாம் வாரம் 1,00,000. இப்போது வயல் எரிந்த மாதிரி தெரிகிறது. "முந்தாநாள் நல்லா இருந்துச்சு" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது கணக்கின் கடைசி வரி. முன்னால் உள்ள நான்கு வரிகளும் அவர் கண்ணுக்கு எட்டாமலே ஓடிவிட்டன.

இந்த வட்டி கதிர் வரும் நேரத்தில் இன்னும் கொடுமையாகிறது. கதிரின் கழுத்துக் கணுவில் வித்து விழுந்தால் ஒரே ஒரு வெற்றி போதும். கழுத்து கறுத்து, மணிக்குப் பால் ஏறாமல் கதிர் முழுக்கப் பதராகிவிடும். கழுத்துக் குலை நோய் என்பது இதுதான். இலையில் இருந்த புள்ளிகள்தான் இதற்கு நாற்றங்கால்.

இதுவரை பார்த்ததைத் திரும்பிப் பார்ப்போம். பூஞ்சையின் உடல் இழை, பரவும் கருவி வித்து. பருவத்தின் நடுவில் பரவுபவை பெரும்பாலும் நகல் வித்துகள். ஈர இரவு அவற்றுக்கு முளைக்கும் காலம். ஒரு வாரத்துக்கு ஒரு தலைமுறை என்பதால் நோய் கூட்டு வட்டியாக ஏறுகிறது.

பயிர் இல்லாத நாளில் எங்கே போகிறது?

அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கிறது. கொனிடியம் மெல்லிய தோல் கொண்டது, வெயிலில் அதிக நாள் தாங்காது. அப்படியிருந்தும் அடுத்த பருவத்தில் நோய் எங்கிருந்து வருகிறது? "மண் கெட்டுப்போச்சு" என்ற பேச்சு பிறக்கும் இடம் இது.

ஒவ்வொரு பூஞ்சைக்கும் ஒரு பதுங்குமிடம் உண்டு. குலை நோய்ப் பூஞ்சை வைக்கோலிலும் விதையிலும் வரப்போரப் புல்லிலும் தங்கும். நிலக்கடலையில் தண்டழுகல் வந்த செடியைப் பிடுங்கினால், தண்டும் மண்ணும் சேரும் இடத்தில் வெள்ளை இழைக்கு நடுவே கடுகை அள்ளித் தெளித்தாற்போல் பழுப்பு உருண்டைகள் தெரியும். இழைகள் நெருக்கமாகப் பின்னி, கெட்டித் தோல் போர்த்திக்கொண்ட மூட்டைகள் அவை. இழை முடிச்சு என்று பெயர். நெல்லின் இலையுறை கருகல் பூஞ்சையும் இப்படி முடிச்சு போடும். சேற்றுழவின்போது அவை தண்ணீரில் மிதந்து வந்து தூரில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அந்த நோய் தண்ணீர் மட்டத்தில் தொடங்கி மேலே ஏறுகிறது. அந்தப் பூஞ்சை கொனிடியமே உண்டாக்குவதில்லை. இழையும் முடிச்சுமே அதற்குப் போதும்.

வாழையின் வாடல் நோய்ப் பூஞ்சை தடித்த சுவருள்ள வித்துகளை மண்ணில் விட்டுவிட்டுப் போகிறது. அவை பல பத்தாண்டுகள் உறங்கும். ரஸ்தாளி வாழை வாடிப்போன தோட்டத்தில் மறுபடி ரஸ்தாளி வைக்கப் பெரியவர்கள் தயங்குவதற்குக் காரணம் இதுதான்.

சோளத்தின் கரிப்பூட்டை இன்னும் தந்திரமானது. கதிரில் மணி இருக்க வேண்டிய இடத்தில் கரித்தூள் நிறைந்த பை இருக்கும். கதிரடிக்கும்போது பை உடைந்து தூள் நல்ல மணிகளின்மேல் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பருவம் நாமே விதைக்கிறோம். விதையோடு சேர்ந்து முளைத்து, செடிக்குள்ளேயே ஒரு அறிகுறியும் காட்டாமல் வளர்ந்து, கதிர் வந்த பிறகுதான் முகம் காட்டும். அதற்கு ஒரு பருவத்துக்கு ஒரு தலைமுறைதான், கூட்டு வட்டி இல்லை. அதனால்தான் விதைப்பதற்கு முன் விதையில் மருந்து கலக்கும் விதை நேர்த்தி ஒன்றிலேயே அதைப் பெருமளவு நிறுத்திவிட முடிகிறது. அதே விதை நேர்த்தி குலை நோயின் தொடக்கத்தைத் தள்ளிப்போடும், முழுக்க நிறுத்தாது. பக்கத்து வயலிலிருந்து வித்து வந்துகொண்டே இருக்குமே.

நகல் மட்டுமே போதும்: இலங்கையின் காப்பி

பாலினக் கலப்பு இல்லாவிட்டால் ஆபத்து குறைவு என்று சிலர் நினைப்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இலங்கைக் கதை. 1869-இல் அங்கே காப்பிச் செடியின் இலையடியில் ஆரஞ்சு நிறத் தூளாகத் துரு நோய் தென்பட்டது. மலைமலையாக ஒரே இனக் காப்பி. தூள் வித்துகள் காற்றிலும் மழையிலும் செடிக்குச் செடி தாவின. 1880-இல் அனுப்பப்பட்ட மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளர், பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் வைத்து வித்துகளைப் பிடித்துக் காட்டினார். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே காப்பி போய்த் தேயிலை வந்தது. தமிழ்நாட்டிலிருந்து காப்பித் தோட்டங்களுக்குப் போய்வந்துகொண்டிருந்த கூலித் தொழிலாளர் குடும்பங்கள் தேயிலை மலைகளில் நிலையாகக் குடியேறிய வரலாற்றில் இந்தத் துருவுக்கும் பங்கு இருக்கிறது. இன்றுவரை காப்பித் துரு பரவுவது அந்த ஆரஞ்சு வித்துகளால்தான்.

சீட்டைக் கலைத்துப் போட்டால்

அப்படியானால் பாலினப் பெருக்கம் எதற்கு? சீட்டுக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நகல் வழியில் ஒரே கையைத் திரும்பத் திரும்ப ஆடுகிறது பூஞ்சை. கலப்பு வழியில் கட்டைக் கலைத்துப் புதுக் கை போடுகிறது. பெரும்பாலான கைகள் உதவாது. ஒன்றிரண்டு மட்டும், நோயைத் தாங்கும் ரகம் என்று நாம் நம்பிய பயிரின் பூட்டைத் திறந்துவிடும். "இந்த ரகம் முன்னெல்லாம் தாங்குச்சு, இப்போ தாங்கல, விதையில கலப்படம்" என்று சொல்வதில் பல சமயம் விதை நல்ல விதையாகவே இருக்கும். மாறியது பூஞ்சை.

கோதுமையின் தண்டுத் துரு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. கோதுமையில் அது செந்நிற நகல் வித்துகளாகப் பெருகும். பருவ முடிவில் கறுப்பு வித்துகளை உண்டாக்கும். கறுப்பிலிருந்து பிறப்பவை கோதுமையைத் தொடாது. பார்பெரி என்ற முட்புதரில்தான் இறங்கும். கலப்பு அந்தப் புதரில் நடக்கிறது. கலந்து பிறந்தவை மறுபடி கோதுமைக்கு வருகின்றன. அமெரிக்காவில் 1918 முதல் பார்பெரிப் புதர்களைத் தேடித் தேடி அழித்தார்கள். தொடக்க கால நோய்ச்சுமையும் குறைந்தது, புதுப்புதுத் துரு வகைகள் பிறக்கும் வேகமும் குறைந்தது.

இந்தியாவில் கதை வேறு. சமவெளிக் கோடையில் கோதுமைத் துரு பிழைக்காது. இமயமலையில் பார்பெரி இருந்தாலும் அதற்கு இங்கே பங்கு இல்லை. கோடையில் குளிர்ந்த மலைகளில் கோதுமைச் செடிகளிலேயே நகலாகத் தங்கி, பருவம் வந்ததும் காற்றில் இறங்குகிறது என்பதை ஆக்ராவைச் சேர்ந்த கே.சி. மேத்தா நீண்ட ஆய்வில் நிறுவினார். தண்டுத் துருவைப் பொறுத்தவரை அந்த மலைகள் நம் நீலகிரியும் பழனிமலையும்தான். கோதுமை ஆராய்ச்சிக்கு நீலகிரியின் வெலிங்டனில் ஒரு நிலையம் இருப்பது ஏன் என்று வியப்பவர்களுக்கு இதுவே விடை.

குலை நோய்ப் பூஞ்சைக்கும் கலப்புத் திறன் இருக்கிறது. ஆய்வகத்தில் இரண்டு வகைகளைச் சேர்த்துக் கலக்க வைத்திருக்கிறார்கள். வயலில் அது பெரும்பாலும் நகலாகவே வாழ்கிறது. ஆனால் நகல் எடுக்கும்போதும் எழுத்துப் பிழை நேரும். கோடிக்கணக்கில் நகல் எடுத்தால் ஒன்றிரண்டு பிழை அதற்குச் சாதகமாக அமையும். இதற்குத் திடீர் மாற்றம் என்று பெயர். கலப்பு வேகமான வழி, பிழை மெதுவான வழி. இரண்டும் ஒரே பூட்டைத்தான் குறிவைக்கின்றன.

சுருக்கமாக: நகல் பெருக்கம் இந்தப் பருவத்து விளைச்சலைத் தின்கிறது. கலப்பும் திடீர் மாற்றமும் அடுத்தடுத்த ஆண்டுகளில் நம் ரகங்களைத் தோற்கடிக்கின்றன. இடைப்பட்ட காலத்தைப் பதுங்கு வித்துகளும் முடிச்சுகளும் கடத்துகின்றன.

எந்த இடத்தில் வெட்டுவது?

குலை நோய்க்கு நம் பக்கம் அதிகம் தெளிப்பது ட்ரைசைக்லசோல். அது என்ன செய்கிறது என்று கடையில் யாரும் சொல்வதில்லை. ஒட்டுக்குமிழில் மெலனின் படிவதைத் தடுக்கிறது. மெலனின் இல்லாத குமிழ் ஓட்டை டயர், அழுத்தம் நிற்காது, ஊசி இறங்காது. எனவே இனி வந்து விழப்போகும் வித்துக்குத்தான் அது மருந்து. ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்ட இழையை அது கொல்லாது, விழுந்த புள்ளியை ஆற்றாது. வயல் எரிந்த பிறகு தெளித்துவிட்டு "மருந்து போலி" என்று கோபப்படுகிறோம். பல நேரம் மருந்து நல்ல மருந்துதான், தெளித்தது ஐந்தாம் வாரம். கழுத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கதிர் இன்னும் உறைக்குள் இருக்கும் தொண்டைக்கதிர்ப் பருவத்திலும் கதிர் வெளிவரும்போதும் யோசிக்க வேண்டும். அளவையும் எந்த மருந்து என்பதையும் உங்கள் வட்டார வேளாண் அலுவலரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மருந்துக்கு முன்பே வெட்டக்கூடிய இடங்கள் இருக்கின்றன. யூரியாவை அள்ளிக் கொட்டினால் இலை மென்மையாகிறது, பயிர் அடர்ந்து இலை காயும் நேரம் தள்ளிப்போகிறது. இரண்டும் வித்துக்கு விருந்து. யூரியாவைப் பிரித்து இடுவதும் இடைவெளி விட்டு நடுவதும் கூட்டு வட்டியின் விகிதத்தைக் குறைக்கும் வேலை. வரப்புப் புல்லைச் சுத்தம் செய்வது முதலீட்டைக் குறைக்கும் வேலை. ஒரு ஊர் முழுக்க ஒரே ரகத்தை நடாமல் இருப்பது பூஞ்சைக்கு ஒரே சாவியால் எல்லா வீட்டையும் திறக்கும் வசதியைக் கொடுக்காமல் இருப்பது.

மார்கழியில் விடியற்காலை வயலுக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். நடு வயலில் குனிந்து, தூருக்குப் பக்கத்து இலையைத் தொட்டுப் பாருங்கள். மணி எட்டுக்குக் காய்கிறதா, பத்துக்கும் ஈரமாக இருக்கிறதா? பத்துக்கும் ஈரம் என்றால், அன்று இரவு அங்கே விழுந்த வித்துக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டித் தேடுங்கள். முதல் பத்துப் புள்ளிகளை அங்கேதான் பார்க்க வாய்ப்பு அதிகம்.